கட்டியை எடுத்தாச்சு, அப்புறம் மாத்திரை எதற்கு?

"அதான் வைரஸ் இல்லைன்னு ரிப்போர்ட்லயே வந்துருச்சே, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" என்று பெரியப்பா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஹெச்பிவி டிஎன்ஏ, அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸின் டிஎன்ஏ, என்ற வரிக்கு நேரே, கண்டறியப்படவில்லை என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். கட்டியும் போச்சு, வைரஸும் போச்சு என்று அவர் கணக்குப் போட்டார், நானும் தலையாட்டினேன். அந்த வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை டப்பா அலமாரியில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் பாதி காலியாக அப்படியே நின்றுவிட்டது. சில வாரங்களில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றார், அப்புறம் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது, கண் மஞ்சளானது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும், நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

பிழைத்துவிட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. அந்த ஒற்றை வரியை நாங்கள் எப்படித் தப்பாகப் படித்தோம் என்பதை அதன்பிறகு உட்கார்ந்து படித்துத்தான் புரிந்துகொண்டேன். நம் வீடுகளில் அதே வரியை அப்படியே படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் அந்த வரி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அது ரத்தத்தைப் பற்றிய வரி. ரத்தத்தில் மிதக்கும் வைரஸ் துகள்கள், இந்த மெஷினால் எண்ண முடிகிற அளவுக்குக் கீழே போய்விட்டன என்பதுதான் அதன் பொருள். கல்லீரல் செல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

ஹெபடைடிஸ் பி வைரஸ் ரொம்பச் சின்னது. அது கல்லீரல் செல்லுக்குள் நுழைவது, பித்த உப்பை உள்ளே இழுத்துக்கொள்வதற்காக அந்தச் செல் வைத்திருக்கும் வாசல் வழியாகத்தான் என்பதை பெய்ஜிங்கில் வென்ஹுய் லி என்ற விஞ்ஞானியின் குழு 2012-இல்தான் கண்டுபிடித்தது. உள்ளே போன வைரஸ் நேராகச் செல்லின் உட்கருவுக்குப் போய், தன் டிஎன்ஏவை ஒரு மூடிய வளையமாக முறுக்கி அங்கேயே குடியேறிவிடுகிறது. சிலை வார்க்கிற பட்டறையில் இருக்கும் அச்சு மாதிரி அது. அந்த அச்சிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கப்படுகிறது, அந்த ஆர்என்ஏவை வைத்து மறுபடி டிஎன்ஏ செய்யப்படுகிறது, அப்புறம் உறை போட்டுப் புது வைரஸ் வெளியே வருகிறது.

நாம் சாப்பிடும் டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் வேலை செய்வது ஒரே ஒரு இடத்தில்தான்: ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ கோக்கும்போது. டிஎன்ஏவில் கோக்கப்படும் மணிகள் மாதிரியே இவை வேஷம் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துகொள்கின்றன, அதற்குமேல் அடுத்த மணியைக் கோக்க முடியாமல் சரம் அங்கேயே நின்றுபோகிறது. அதனால் வார்ப்பு நிற்கிறது. அச்சு அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பட்டறை மறுபடி ஓட ஆரம்பிக்கும். ரத்தத்தில் டிஎன்ஏ காணாமல் போனபிறகும் வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடும் ஹெச்பிஎஸ்ஏஜி என்ற இன்னொரு டெஸ்ட் பாசிட்டிவ் என்றே வருவதற்கும் இதுதான் காரணம். அந்தப் புரதம் ஆர்என்ஏவிலிருந்து நேரடியாகத் தயாராகிறது, அதை மாத்திரை தடுப்பதில்லை. பெரியப்பாவின் அதே ரிப்போர்ட்டில் இரண்டாவது பக்கத்தில் அது பாசிட்டிவ் என்றே இருந்தது. நாங்கள் முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டோம்.

மாத்திரையை நிறுத்தினால் ஏன் இவ்வளவு பெரிய ஆபத்து வருகிறது என்றால், கல்லீரலைச் சிதைப்பது பெரும்பாலும் வைரஸ் நேரடியாகச் செய்யும் வேலை இல்லை, நம் உடம்பின் எதிர்ப்புப் படை செய்யும் வேலை. அடங்கிக் கிடந்த வைரஸ் திடீரென்று எழும்பும்போது அந்தப் படை, வைரஸ் இருக்கும் செல்களை மொத்தமாகத் தாக்குகிறது. நல்ல கல்லீரலாக இருந்தால் தாங்கும். தழும்பு முற்றிச் சிரோசிஸ் என்ற நிலைக்கு வந்து இறுகிப்போய், அதிலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்த கல்லீரலுக்கு அந்த அடியைத் தாங்க மிச்சம் என்ன இருக்கிறது?

சரி, வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? இதை உலகத்துக்கு உறுதியாகக் காட்டியது தைவான். பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய தைவான் சகாக்களும் 22,707 அரசு ஊழியர்களை, எல்லாரும் ஆண்கள், ரத்தம் எடுத்து வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று பிரித்துவைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1981-இல் முடிவை வெளியிட்டபோது கல்லீரல் புற்றுநோயால் 41 பேர் இறந்திருந்தார்கள். அந்த 41 பேரில் 40 பேர் வைரஸ் உள்ளவர்கள். ஆபத்து 223 மடங்கு. ஒரு நோய்க்கும் அதன் காரணத்துக்கும் இடையே இவ்வளவு பெரிய எண்ணை மருத்துவத்தில் பார்ப்பது அபூர்வம்.

வைரஸ் இரண்டு வழியில் புற்றுநோயைக் கொண்டுவருகிறது. ஒன்று, வருஷக்கணக்கில் அழற்சி, செல் சாவது, புதுச் செல் பிறப்பது, தழும்பு விழுவது, அதன் முடிவில் சிரோசிஸ், அதில் எங்கோ ஒரு செல் தடம் மாறுவது. இரண்டாவது வழிதான் பி வைரஸை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது: அது தன் டிஎன்ஏ துண்டுகளை நம் டிஎன்ஏவுக்குள்ளேயே சொருகிவிடுகிறது, சில நேரம் செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் ஜீனுக்குப் பக்கத்திலேயே. அதனால்தான் சிரோசிஸே இல்லாத கல்லீரலிலும் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கட்டி வருகிறது. "குடிக்கவே மாட்டாரே, அவருக்கு எப்படி?" என்று எங்கள் வீட்டில் வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பெரியப்பா வாழ்நாளில் பீர்கூடக் குடித்ததில்லை. அந்தக் கேள்விக்கு வருஷக்கணக்கில் அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதும் முக்கியம். தைவானிலேயே 3,653 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், வைரஸ் அளவு மிகக் குறைவாக இருந்தவர்களில் வருஷத்துக்கு லட்சம் பேருக்கு 108 பேர் என்ற கணக்கில் கல்லீரல் புற்றுநோய் வந்தது. ஒரு மில்லி ரத்தத்தில் பத்து லட்சம் நகலுக்கு மேல் இருந்தவர்களில் அது 1,152. பத்து மடங்குக்கும் மேல். அப்படியென்றால் வைரஸை இறக்கினால் புற்றுநோயும் குறையுமா என்பதுதான் அடுத்த கேள்வி. குறையும் என்பதற்கு 2004-லேயே பதில் வந்துவிட்டது. கல்லீரலில் தழும்பு முற்றிய 651 பேரில் ஒரு பகுதியினருக்கு லாமிவுடின் மாத்திரையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். புற்றுநோய் வந்தது லாமிவுடின் எடுத்தவர்களில் 3.9 சதவீதம், மற்றவர்களில் 7.4 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

இது எல்லாம் புற்றுநோய் வருவதற்கு முந்தைய கதை. வந்தபிறகு? கட்டியை எடுத்தபிறகு மாத்திரையால் என்ன பயன்?

கல்லீரல் புற்றுநோய் திரும்ப வருவதில் இரண்டு வகை உண்டு. அறுவை முடிந்து இரண்டு வருஷத்துக்குள் வந்தால் அது பெரும்பாலும் பழைய கட்டியிலிருந்து சிதறி ஏற்கெனவே அங்கங்கே தங்கிவிட்ட செல்களின் வேலை. அதற்கு அப்புறம் வந்தால் பெரும்பாலும் அது புதுக் கட்டி, அதே நோயுற்ற கல்லீரலில் புதிதாக முளைத்தது. அறுவை நிபுணர் கட்டியைத்தான் எடுக்கிறார். கட்டி முளைத்த நிலம் அப்படியே உள்ளே இருக்கிறது, அதில் வைரஸும் இருக்கிறது. இந்த மாத்திரைகளின் பலன் முக்கியமாக அந்த இரண்டாம் வகையில்தான்.

தைவானில் எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, அதனால் யாருக்கு என்ன அறுவை, என்ன மாத்திரை என்பது நாடு முழுக்க ஒரே பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்து, பி வைரஸால் வந்த கட்டிக்கு அறுவை செய்துகொண்ட 4,569 பேரைப் பார்த்தார்கள். 2012-இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்கள் 518 பேர்தான், எடுக்காதவர்கள் 4,051 பேர். ஆறு வருஷத்தில் கட்டி திரும்பியது எடுத்தவர்களில் 45.6 சதவீதம், எடுக்காதவர்களில் 54.6 சதவீதம். இறந்தவர்கள் 29 சதவீதத்துக்கு எதிராக 42.4 சதவீதம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மாத்திரை எடுத்த குழுவில்தான் சிரோசிஸ் உள்ளவர்கள் அதிகம் இருந்தார்கள். மோசமான கல்லீரலோடு தொடங்கியும் அவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

பதிவேட்டை வைத்துச் செய்யும் ஆய்வில் ஒரு பலவீனம் உண்டு, நன்றாக இருந்தவர்களுக்குத்தான் மாத்திரை தொடர்ந்து கொடுத்திருப்பார்களோ என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கு ஷாங்காயிலிருந்து 2013-இல் வந்த ஆய்வு பதில் சொல்கிறது. அறுவை செய்துகொண்ட 163 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு வைரஸ் மாத்திரை கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்த குழுவில் கட்டி திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் தைவான் சொன்னதையே இதுவும் சொல்கிறது.

மேலே உள்ள 45.6 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். மாத்திரை எடுத்தும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் திரும்பியிருக்கிறது. மாத்திரை காப்பாற்றிவிடும் என்று நினைத்து ஸ்கேனை விட்டுவிடக் கூடாது. அறுவைக்குப் பின் முதல் ஒன்றிரண்டு வருஷம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் சிடி அல்லது எம்ஆர்ஐ. புற்றுநோய் இன்னும் வராத, ஆனால் ஆபத்தில் உள்ள பி வைரஸ்காரர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே கல்லீரல் கட்டி சுரக்கும் ஏஎஃப்பி என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை. இதுவும் ஷாங்காயில் 18,816 பேரை வைத்துச் சோதித்த விஷயம், அப்படி ஆறு மாதத்துக்கொரு முறை பார்த்த குழுவில் கல்லீரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்தது.

அறுவை செய்ய முடியாமல் கீமோ, ரத்தக்குழாய் வழியாகக் கட்டிக்கே மருந்து செலுத்துவது, இம்யூனோதெரபி என்று போகிறவர்களுக்கு இந்த மாத்திரை இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். கீமோ, உடம்பின் எதிர்ப்புப் படையை அடக்குகிறது. அடக்கினால் வைரஸ் எழும்பும். ஹாங்காங்கில் கல்லீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 102 பேரைப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு மேல் வைரஸ் திரும்ப எழும்பியிருந்தது. புற்றுநோயைக் கொல்லக் கொடுத்த மருந்தால் கல்லீரல் பழுதாகி, கீமோவையே பாதியில் நிறுத்த வேண்டிவரும். இன்று முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு முன்வரிசையில் இருக்கும் அடிசோலிசுமாப், பெவசிசுமாப் கூட்டு மருந்தைச் சோதித்த பெரிய ஆய்வில், பி வைரஸ் உள்ளவர்கள் வைரஸ் மாத்திரை எடுத்துக்கொண்டு, வைரஸ் அளவு ஒரு மில்லிக்கு 500 யூனிட்டுக்குக் கீழே வந்தால்தான் சேரவே முடியும் என்று விதி வைத்திருந்தார்கள். மார்பகம், ரத்தம், நிணநீர்க் கழலை என எந்தப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்தாலும் முன்னாலேயே ஹெச்பிஎஸ்ஏஜி பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

இனி அந்த மாத்திரைகளைப் பற்றி. பி வைரஸுக்காக 1998-இல் வந்த லாமிவுடின் நல்ல மருந்துதான், ஆனால் வைரஸ் சீக்கிரம் அதற்குப் பழகிவிடும். மேலே சொன்ன 2004 ஆய்விலேயே லாமிவுடின் எடுத்தவர்களில் 49 சதவீதம் பேருக்கு வைரஸ் உருமாறி மருந்துக்கு அடங்காமல் போனது. 2005-இல் என்டெகாவிர், 2008-இல் பி வைரஸுக்காக டெனோஃபோவிர், இவை வந்தபிறகுதான் நிலைமை மாறியது, இவற்றுக்கு வைரஸ் பழகுவது மிக அரிது. ஒரு விஷயம் மட்டும் மறக்காமல் செய்யுங்கள்: முன்பு எப்போதாவது லாமிவுடின் சாப்பிட்டிருந்தால் அந்தப் பழைய சீட்டைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் அப்படிப்பட்டவர்களுக்கு என்டெகாவிர் சரியாக வேலை செய்யாமல் போகலாம், டெனோஃபோவிர்தான் பொருந்தும்.

என்டெகாவிர் வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால். டெனோஃபோவிருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் சிலருக்கு அது சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கலாம், அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அவ்வப்போது பார்க்க வேண்டும். அதற்காகவே 2016-இல் 25 மில்லிகிராமில் டெனோஃபோவிர் அலாஃபினமைடு என்ற வகை வந்தது, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதையோ என்டெகாவிரையோ தருகிறார்கள். டெனோஃபோவிரா என்டெகாவிரா, எது புற்றுநோயை அதிகம் தடுக்கும் என்று 2019-இல் கொரியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்து டெனோஃபோவிருக்குச் சாதகமாகச் சொன்னது, அப்புறம் வந்த சில ஆய்வுகள் வித்தியாசமே இல்லை என்றன. இதைப் படித்துவிட்டு, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மாத்திரையைத் தானாக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு பயம். டெனோஃபோவிர் என்று கூகுளில் தேடினால் எச்ஐவி மருந்து என்று வரும். எங்கள் வீட்டிலும் ஒருவர் தேடிப் பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இரண்டு வைரஸும் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ கோக்கும் அதே வேலையைச் செய்வதால் ஒரே மருந்து இரண்டுக்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான். ஆரம்பிக்கும் முன் எச்ஐவி டெஸ்ட் எடுக்கச் சொல்வது, அது இருந்தால் இந்த ஒரு மாத்திரை மட்டும் போதாது என்பதற்காக. சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கண் மஞ்சளானதும் எங்கள் வீட்டில் முதலில் அரைத்தது அதைத்தான். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழு இதை முறையாகச் சோதித்திருக்கிறது. பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பாருக் பிளம்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். 1988-இல் வெளியான முடிவில், ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸ் புரதம் மறைந்திருந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதே பலன் தாய்லாந்து உள்ளிட்ட வேறு இடங்களில் செய்த சோதனைகளில் கிடைக்கவில்லை. இன்று எந்த மருத்துவ வழிகாட்டியிலும் அது பி வைரஸ் சிகிச்சையாக இல்லை. பாட்டி சொன்னதைச் சோதித்துப் பார்க்க நம் ஊர்க்காரர்களே முன்வந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கண் மஞ்சளான நிலையில் கீழாநெல்லி அரைத்ததில் எங்களுக்கு ஐந்து நாள் போனது, அந்த ஐந்து நாளில் கல்லீரல் இன்னும் கெட்டது.

பணம்தான் தடை என்றால், 2018 ஜூலை 28-இல் தொடங்கிய இந்திய அரசின் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஆனால் டெஸ்ட் எடுத்தால்தானே எதுவும் தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி உலகில் 25.4 கோடிப் பேருக்கு பி வைரஸ் இருக்கிறது, அதில் இந்தியாவில் மட்டும் 2.98 கோடி. உலக அளவில் தனக்கு இது இருக்கிறது என்று தெரிந்தவர்கள் 13 சதவீதம், மாத்திரை எடுப்பவர்கள் 3 சதவீதம். முன்பெல்லாம் எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தால் "சும்மா வைரஸ் இருக்கு, ஒன்றும் பண்ண வேண்டாம்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த அறிக்கை வந்த அதே ஆண்டில் அதே நிறுவனம் விதிகளைத் தளர்த்தி, கல்லீரலில் தழும்பு தொடங்கிவிட்டாலோ, குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தாலோ, இன்னும் நிறையப் பேருக்கு முன்னதாகவே மாத்திரை தரலாம் என்று சொல்லியிருக்கிறது.

குடும்பம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் 95 பேருக்குத் தானாகப் போய்விடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. தைவான் 1984-இல் இந்தத் தடுப்பூசியை முதலில் வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் போட ஆரம்பித்து, பத்தே வருஷத்தில் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயைப் பாதியாக்கியது. இந்தியாவில் அது நாடு முழுக்க வந்தது 2011-இல்தான். அதற்கு முன் பிறந்த நாம் எல்லாரும் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தாய் ஒருத்திதான்.

பெரியப்பா தேறி வீட்டுக்கு வந்தபிறகு டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவரையும் சேர்த்து நான்கு பேர். அப்பாவுக்கு இல்லை, சின்ன சித்தப்பாவுக்கும் இல்லை. 61 வயதில் சேலத்து அத்தைக்கு இருந்தது. மூன்று பிரசவம், ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன், இத்தனைக்கும் அப்புறமும் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு தொடங்கியிருந்தது, கட்டி எதுவும் இல்லை. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ராத்திரி ஒன்பது மணிக்கு. அத்தை தினமும் அந்த நேரத்துக்கு பெரியப்பாவுக்கு போன் போட்டு, "அண்ணே, போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் மாத்திரையைப் பிரிக்கிறார்.